குறைந்த செலவில் பச்சோந்திக் கூண்டு: நம் கடலோர ஊருக்கு எது சரிப்படும்?

பச்சோந்தி வளர்க்க ஆசைப்பட்டு யூடியூபில் தேடினால், முதலில் வருவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்பவர்கள் சொல்லும் யோசனைகள்தான். நல்ல யோசனைகள். ஆனால் அவர்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும். அதனால் சூட்டை எப்படித் தக்கவைப்பது, ஈரத்தை எப்படிப் பிடித்துவைப்பது என்பதைச் சுற்றியே அவர்களுடைய செலவுக் கணக்கு இருக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ குடியிருக்கும் நமக்குச் சூடும் ஈரமும் காசில்லாமலே கிடைக்கின்றன. வேண்டியதற்கு மேலேயே கிடைக்கின்றன. நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு: காற்று தடையில்லாமல் போய்வரும் கூண்டு, ஒழுங்கான புறஊதா விளக்கு. இந்த இரண்டிலும் கையைச் சுருக்கக் கூடாது, மற்ற எல்லாவற்றிலும் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம் என்பது என் முடிவு. எதை எதோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நம் பக்கத்து வேலியோரங்களிலும் தோப்புகளிலும் எப்போதாவது கண்ணில் படும் பச்சோந்தி, இந்தியப் பச்சோந்தி என்ற இனம். அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரில் யாராவது சில நூறு ரூபாய்க்குப் பிடித்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்க்கக் கிடைப்பவை வெளிநாட்டு இனங்கள். ஏமன், சவூதி அரேபியா பக்கத்தைச் சேர்ந்த வெய்ல்டு கமீலியன் ஒன்று, மடகாஸ்கரின் பாந்தர் கமீலியன் இன்னொன்று. இரண்டுமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது காகிதம். காகிதம் இல்லாத விலங்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவு இல்லை.

இரண்டில் சற்றுத் தாக்குப்பிடிக்கக் கூடியது வெய்ல்டு. அதிலும் பட்ஜெட் பார்ப்பவர்கள் ஆணாகவே வாங்கலாம். பெண் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும். அதற்கு ஓர் அடி ஆழத்துக்காவது ஈர மணல் போட்ட தொட்டி கூண்டுக்குள் வேண்டும். இடம் சரியில்லாமல் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆணுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உருவம் பெரியது, வால் முனை வரை அளந்தால் ஒன்றரை அடியைத் தாண்டும். அதற்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம் கொண்ட கூண்டு வேண்டும். இதற்குக் குறைந்த அளவில் பெரிய பச்சோந்தியை வைக்க வேண்டாம். குட்டிக்குச் சின்னக் கூண்டு, பிறகு பெரிய கூண்டு என்று இரண்டு முறை செலவு செய்வதைவிட, முதலிலேயே பெரிதாகச் செய்து உள்ளே செடியை அடர்த்தியாக வைத்துவிடுவது லாபம்.

இனி கூண்டு. நம் ஊரில் கைக்கு எட்டுகிற வழிகள் ஐந்து.

மிக மலிவாகக் கிடைப்பது பழைய மீன் தொட்டி. அதை நிமிர்த்தி வைத்து முன்பக்கம் வலை அடித்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஜெர்மனி மாதிரியான குளிர்நாட்டில் கண்ணாடிக் கூண்டுக்கு நியாயம் உண்டு, அது சூட்டைப் பிடித்துவைக்கும். இங்கே மே மாதம் அறையே 34, 35 டிகிரியில் இருக்கும்போது, தண்ணீர் தெளித்த கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று அசையாமல் வெந்துகிடக்கும். அந்தப் புழுக்கத்தில் பச்சோந்திக்கு முதலில் கெடுவது நுரையீரல். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

பறவைக் கூண்டு காற்றோட்டத்தில் குறை இல்லாதது. ஆனால் கம்பி இடைவெளியில் தீனிப் பூச்சியெல்லாம் வெளியே போய்விடும். உயரமும் பெரும்பாலும் போதாது. அதைச் சரிசெய்யப் போடும் வலைக்கும் வேலைக்கும் ஆகும் செலவில் புதுக்கூண்டே பாதி முடிந்துவிடும்.

கூண்டே வேண்டாம், அறை மூலையில் பெரிய தொட்டிச் செடியில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் உண்டு. பச்சோந்திக்கு அது பிடிக்கத்தான் செய்யும். நம் வீடுகளில் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது, ஜன்னல் வழியே பூனை வருகிறது, கொசுவுக்குச் சுருளும் மருந்தும் வைக்கிறோம். இந்த மூன்றும் இல்லாத தனி அறை இருப்பவர்களுக்கு மட்டுமே அது சரி.

வெளிநாட்டிலிருந்து வரும் ரெடிமேட் அலுமினிய வலைக்கூண்டு நல்ல பொருள்தான். மடித்துப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ளலாம். ஆனால் விலையோடு இறக்குமதிச் செலவும் கூரியர் செலவும் சேரும்போது கையில் இருப்பதில் பாதிக்கு மேல் கூண்டுக்கே போய்விடும், விளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. கூண்டு பளபளவென்று இருக்க, உள்ளே ஒன்றுக்கும் உதவாத விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு மாதத்தில் அந்தப் பச்சோந்தியின் முன்கால் எலும்பு வளைந்து, கிளையைப் பிடிக்கவே தடுமாறியது.

ஐந்தாவது வழிதான் நான் எடுத்தது: ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடித்துத் தரும் அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடை. புதுச்சேரியிலும் கடலூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பச்சோந்திக் கூண்டு என்று சொன்னால் முழிப்பார்கள். நான்கடி உயரத்தில் நாலு பக்கமும் வலை போட்ட பெட்டி, முன்னால் கதவு என்று தாளில் வரைந்து கொடுத்தால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கணக்கு எளிது. பெட்டியின் பன்னிரண்டு ஓரங்களுக்கும் சேர்த்து 32 அடி அலுமினியச் சட்டம், அதாவது செக்‌ஷன் வேண்டும். 12 அடி நீளமாக வாங்கினால் மூன்று போதும், கதவுச் சட்டத்துக்குத் தனி. நாலு பக்கத்துக்கு 32 சதுர அடி வலை, மேலே நான்கு சதுர அடி. பெரிய ஜன்னல் வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் கடையில் கிடக்கும். நிறம் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் விலை இறங்கும். கதவை ஒன்றாகப் போடாமல் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். கீழே சுத்தம் செய்யும்போது மேலே இருக்கும் பச்சோந்தி மிரளாது.

மரத்தில் செய்தால் இன்னும் மலிவாகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் படுகிற இடத்தில் பிளைவுட் ஓரம் ஊதி, ஒரு மழைக்காலத்துக்குள் உரிந்து நிற்கும். பழைய சாமான் கடைகளில் தேக்கு வலை அலமாரி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். முன்பெல்லாம் சமையலறையில் பால், தயிர் வைத்த அலமாரி அது. பழைய துருப்பிடித்த வலையைப் பிடுங்கிவிட்டு, தட்டுகளை எடுத்துவிட்டுப் புது வலை அடித்தால் பார்க்கவும் அழகு, கூண்டாகவும் தாங்கும். ஆழம் இரண்டடிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வலை விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், நம் ஊர் உப்புக்காற்று வேலையைக் காட்டுவது இங்கேதான். ஃபைபர் கொசுவலை மிக மலிவு, ஆனால் சுவர்க்கோழிப் பூச்சிகள் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும், பச்சோந்தியின் நகமும் அதில் சிக்கும். ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை, முதல் வருடம் நன்றாக இருக்கும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால், ஸ்க்ரூ முடுக்கிய இடத்தில் முதலில் பழுப்பாக ஒரு வளையம் தெரியும். அப்புறம் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க அந்தப் பழுப்பு கோடாக வடிந்து கீழ்த்தட்டு வரை வரும். துருவேறிய அந்தத் தண்ணீரைத்தான் பச்சோந்தி நக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை சதுர அடிக்கு அதிகம்தான், ஆனால் நமக்கு வேண்டியதே 32 சதுர அடி. ஸ்க்ரூவையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வலைக்குக் கொடுத்த காசு வீண்.

மேல்பக்கத்துக்கு மட்டும் வேறு வலை. நெருக்கமான கொசுவலை புறஊதாக் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தடுத்துவிடும். அதனால் கூரைக்கு அரை அங்குலக் கண் உள்ள, பிளாஸ்டிக் பூசிய வெல்ட் மெஷ் போட்டால் அதே விளக்கிலிருந்து அதிகக் கதிர் உள்ளே இறங்கும். பூச்சி அதன் வழியே ஏறிப் போய்விடும் என்றால், பூச்சியைக் கூண்டுக்குள் அவிழ்த்து விடாமல் வழுவழுப்பான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கிளையோரம் கட்டிவிடுங்கள். பச்சோந்தி அந்த டப்பாவைச் சீக்கிரமே கண்டுகொள்ளும்.

இப்போது விளக்கு. கையில் பத்தாயிரம் இருந்தால் நாலாயிரத்தை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். புறஊதா பி கதிர் (யூவிபி) தோலில் படாவிட்டால் பச்சோந்தியின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் ஏறாது. மேலே சொன்ன வளைந்த கால் அப்படி வந்ததுதான். ஒருமுறை வளைந்தது நேராகாது.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு, யூவிஏ யூவிபி இரண்டும் தரும் என்று எழுதிய ஹாலோஜன் பல்புகள் விற்கிறார்கள். அவை வெறும் சூட்டு விளக்குகள், பி கதிர் அவற்றிலிருந்து வராது. மீன் தொட்டிக்கு விற்கும் டியூபும் அப்படித்தான். சுருள் வடிவ காம்பாக்ட் யூவிபி பல்பில் கதிர் உண்டு, ஆனால் படுகிற இடம் சின்னது, ஆறு மாதத்தில் வலுவிழந்துவிடும். டி5 ஹெச்ஓ என்று விற்கும் நீளமான, மெல்லிய, வலு அதிகமான யூவிபி டியூபில் 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்தது கிடைத்தால், முதலில் கசந்தாலும் அதையே வாங்குங்கள். இரண்டடி நீளத்துக்கும் கதிர் பரவும், ஒரு வருடம் வரும். காம்பாக்டை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அதிகம் இல்லை. டியூபை வலைக்கு மேலே வைத்து, மேல் கிளையில் உட்காரும் பச்சோந்தியின் முதுகுக்கும் டியூபுக்கும் இடையே எட்டொன்பது அங்குலம் விடுங்கள்.

நமக்குத்தான் வெயில் கொட்டிக் கிடக்கிறதே, விளக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வெயிலுக்கு ஈடான விளக்கு கிடையாது என்பதும் உண்மை. காலை எட்டு மணிக்கு மேல் கூண்டை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ அரை மணி நேரம் வைத்தால், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அது பச்சோந்திக்குப் பெரிய வரம். பக்கத்திலேயே இருங்கள், காக்கை விடாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி பி கதிரை விடாது. ஆனால் வெயிலை மட்டும் நம்பினால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிக்கொண்டிருக்கும் நாட்களில் என்ன செய்வது? வேலைக்குப் போகிறவர்கள் தினமும் தூக்கி வைத்து எடுக்க முடியுமா? விளக்கு அடிப்படை, வெயில் அதன் மேல் கிடைக்கும் நன்மை. நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சூட்டு விளக்கில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பெட் ஷாப் பல்பு தேவையே இல்லை, 40 வாட் குண்டு பல்பு போதும். மேல் கிளையில் 29, 30 டிகிரி வந்தால் சரி. ஜனவரியில் காலை மூன்று நான்கு மணி நேரம் எரியவிடுவேன். ஏப்ரல், மே, ஜூனில் தொடுவதே இல்லை. சிவப்பு நைட் பல்பு, சூடாகும் கல் எல்லாம் இந்த ஊரில் வீண் செலவு. இரவில் பச்சோந்திக்கு இருட்டும் குளிர்ச்சியும்தான் வேண்டும். மின்சாரக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 24 வாட் டியூப் தினமும் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட்டுக்குள். குண்டு பல்பையும் சேர்த்தால்கூட 15 யூனிட் தாண்டாது.

தண்ணீருக்கு மூன்று வழிகள் உண்டு, மிக மலிவானதே இங்கே நல்லது. பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும். தானாகத் தெளிக்கும் பம்ப் செட் வாங்கினால், நம் போர் தண்ணீரின் உப்பு அதன் நாசில்களை அடைத்துவிடும், கேன் தண்ணீர் ஊற்றியே ஓட்ட வேண்டும். புகை மாதிரி ஈரம் விடும் ஃபாகர் வறண்ட ஊருக்கானது. இங்கே இரவில் காற்றின் ஈரப்பதம் தானாகவே 75, 80 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. செடிக்கு அடிக்கும் கை ஸ்பிரேயரால் விளக்கு போடுவதற்கு முன் விடியற்காலையில் இரண்டு நிமிடம், மாலையில் விளக்கு அணைந்தபின் ஒருமுறை. நடுவே மருந்துக் கடையில் வாங்கிய டிரிப்ஸ் செட். பாட்டிலைக் கூண்டின் மேல் கவிழ்த்துக் கட்டி, குழாயை மணி பிளான்ட் இலைக்கு மேல் விட்டு, சக்கரத்தைத் திருகி நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஒரு மணி நேரம் வரும். முதலில் ஒரு கண் மட்டும் அந்த இலைப் பக்கம் திரும்பும், அப்புறம் மெல்ல இறங்கிவந்து, தாடையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். தெளித்த தண்ணீர் அடுத்த முறை தெளிப்பதற்குள் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காயவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள், இல்லையேல் கூண்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அடியில் மண் போடாதீர்கள். பிவிசி ஃபோம் ஷீட்டில் ஓட்டை போட்டுக் கீழே ஒரு டப் வைத்தால் போதும்.

கிளைக்கும் செடிக்கும் ஏறக்குறையச் செலவே இல்லை. கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமா? சொரசொரப்பான சவுக்குக் கழியைச் செங்குத்தாக நிறுத்தி, கொய்யாக் கிளைகளைப் படுக்கையாகப் பல உயரங்களில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். மூங்கில் வழுக்கும். அரளி, எருக்கு, உண்ணிச் செடி மூன்றும் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. மணி பிளான்ட், செம்பருத்தி, நர்சரியில் அம்பிரெல்லா என்று கேட்டால் கொடுக்கும் செடி, இந்த மூன்றும் போதும். வெய்ல்டு இலையையும் தின்னும் என்பதால் நர்சரியில் அடித்த மருந்து போக, இலையைக் கழுவி மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

கூண்டை எங்கே வைப்பது என்பதில் காசு இல்லை, ஆனால் அதுதான் மே மாதத்தில் உயிரைக் காப்பது. மேல்மாடியில் கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம், பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது இரவெல்லாம் இறக்கும். தரைத்தளத்து அறை, முற்றம் வைத்த பழைய வீடு என்றால் முற்றத்து ஓரம், ஜன்னலுக்கு அருகில் ஆனால் நேர் வெயில் விழாத சுவர். மேஜை விசிறியைக் கூண்டின் மேல் திருப்பாமல் ஜன்னல் பக்கம் திருப்பி, அறையின் சூடான காற்றை வெளியே தள்ளுங்கள். பச்சோந்தி நிறம் வெளுத்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். எறும்புக்கு, கூண்டின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம்.

புயலையும் கணக்கில் எடுத்துத்தான் அளவு சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரித் தெருக்கள் வெள்ளக்காடாயின. இரண்டடி அகல அலுமினியக் கூண்டை இரண்டு பேர் தூக்கி எந்த வாசல் வழியாகவும் கொண்டுபோய் உயரமான இடத்தில் வைத்துவிடலாம், தேக்கு அலமாரியை அப்படி நகர்த்த முடியாது. நாலைந்து நாள் விளக்கில்லாமல் ஒரு நல்ல பச்சோந்தி தாங்கிவிடும். தீனியைக் குறைத்து, கையால் தண்ணீர் தெளித்தால் போதும்.

தீனிக்குச் சுவர்க்கோழிப் பூச்சியையும் தீனிக்கென்றே வளர்க்கும் கரப்பான் இனத்தையும் வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம், சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடக் கூடாது, எங்கே மருந்து தின்றுவிட்டு வந்ததோ. டி3 கலக்காத கால்சியம் பொடி தூவாமல் பூச்சி கொடுக்காதீர்கள். மருத்துவருக்கு, வாங்குவதற்கு முன்பே குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஊர்வனவற்றைப் பார்க்கிறவர்கள் யார், எந்த நாளில் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் சேர்த்துக் காசு போதவில்லை என்றால், தள்ளிப்போட வேண்டியது பச்சோந்தியை. கூண்டை முதலில் அடித்து, செடியும் கிளையும் வைத்து, மேலே ஒன்று நடுவே ஒன்று என இரண்டு டிஜிட்டல் வெப்ப-ஈரப்பதமானிகளை மாட்டிவிட்டு, ஒரு மாதம் காலியாகவே ஓட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். மதியம் நடுக்கூண்டில் 32 டிகிரிக்குக் கீழே நிற்கிறது, தெளித்த இலை ஒரு மணி நேரத்தில் காய்கிறது என்றால் விற்பவருக்குப் போன் போடலாம். ஏப்ரல், மேயில் அது நிற்காது. அந்த மாதங்களில் யாரும் குட்டி வாங்கவே வேண்டாம், ஆகஸ்ட் வரை பொறுங்கள்.